மேபலுக்கு ஒட்டிய ஹீட்டிங் பேட்

அமெரிக்காவின் டுலூத் நகரில் அன்று மைனஸ் முப்பது டிகிரி. மனைவி இன்கிரிட் வளர்க்கும் தேள் மேபலுக்குக் குளிருமே என்று, சூடேற்றும் ஹீட்டிங் பேடைக் கண்ணாடித் தொட்டியின் பக்கத்தில் ஒட்டாமல் அடியில் ஒட்டிய மேதை நான்தான். சூடு தாங்காத தேள் மண்ணைத் தோண்டிக் கீழேதான் போகும். மேபலும் போனது, வெந்துவிட்டது.

கொல்லைப் பனியில் புதைத்தேன். மூன்று நாள் மன்னிப்புக் கேட்டேன். இன்கிரிட் தனக்கு மட்டும் காபி ஊற்றிக்கொண்டாள்.

நான்காம் நாள் காலை மேபல் தொட்டிக்குள் நடந்துகொண்டிருந்தது. முதுகில் பனித்துகள் கரையாமல் இருந்தது. நான் அழுதே விட்டேன். பேடைப் பிய்த்துப் பக்கத்தில் ஒட்டினேன்.

“இப்பவாவது மன்னிப்பியா, செல்லம்?”

இன்கிரிட் பேடை உரித்து மறுபடி அடியில் ஒட்டினாள்.

“ஐயோ, செத்துடும்டி!”

“சாகட்டும். நாளைக்குத் திரும்பி வரும், நீ திரும்பப் புதைப்ப. உன்னை மன்னிக்கிறதைவிட எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு.”