இரண்டு தட்டு

“ரெண்டு பிளேட்டு சொல்லிக்கீறாரும்மா. ஒண்ணு இறாலு, ஒண்ணு மாட்டுக்கறி ஸ்டீக்கு. இன்னொரு ஆளு வரணும்போல,” என்றான் ஓட்டல் வாசலில் பீடி பிடித்துக்கொண்டிருந்த சர்வர்.

மவுண்ட் ரோடு வெயிலில் நின்றபடி செங்கம்மாள் உள்ளே எட்டிப் பார்த்தாள். அந்த இன்னொரு ஆள் யார் என்று அவளுக்குத் தெரியும்.

கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அவள் புருஷன் நாகமுத்து, பொங்கலுக்கு எடுத்த டெர்லின் சட்டையில் உட்கார்ந்திருந்தான். எதிர் நாற்காலி காலியாக இருந்தது. மீஞ்சூரில் அவன் ரயில் ஏறியபோது அவளும் பெண்கள் பெட்டியில் ஏறி, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பின்னாலேயே வந்திருந்தாள்.

முந்தாநாள் தெருமுனையில் சாலமோன்தான் பேச்சை எடுத்தார். ஒரு காலத்தில் துரைமார் பங்களாக்களில் சமைத்தவர்.

“பட்டணத்துல நல்ல இறாலும் மாட்டுக்கறியும் எங்க கெடைக்கும்னு உன் வூட்டுக்காரன் கேட்டாம்மா. அந்த ஓட்டலச் சொன்னேன். இரும்புத் தட்டுல பொகையோட கொண்டாருவான், தெருவே மணக்கும். இன்னா, ஜோடியா கெளம்பிட்டீங்களா?”

“ஆமாங்க,” என்று சிரித்துவிட்டு வந்தாள். அந்தச் சிரிப்பு வீடு வந்து சேர்வதற்குள் கசந்துபோயிற்று.

நாகமுத்து பழவேற்காட்டு ஏரியில் வலை போட்டு வளர்ந்தவன். இப்போது இறால் கம்பெனியில் வேலை. காலை முதல் மாலை வரை, வந்து இறங்கும் கூடைகளில் ஒரு கை அள்ளி முகர்ந்து, நல்லது கெட்டதைப் பிரிப்பான். இறாலிலேயே கிடப்பவன், இறால் தின்ன எதற்குப் பட்டணம் போக வேண்டும்? வீட்டு வாசலில்கூட மாட்டுக்கறியை விடாத குடும்பத்தில் பிறந்தவனுக்கு அது எதற்கு?

அவனுக்கு வேண்டாம். கிரேஸுக்கு வேண்டியிருக்கும்.

இரண்டு மாதம் முன்பு கம்பெனி ஐஸ் ரூமில் வாயு கசிந்து, அவன் ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். கஞ்சி ஊற்றிக் கொடுத்தது அங்கிருந்த நர்சு கிரேஸ்தான். திரும்பி வந்தவன் வேறு ஆள். சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

போன வாரம் இதையே நினைத்துக்கொண்டிருந்ததில் சோறு தீய்ந்துவிட்டது. பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மா, “இன்னாடி, ஊட்டையே கொளுத்துறியா?” என்று குரல் கொடுத்தாள். பின்கட்டிலிருந்து வந்த நாகமுத்து, போட்டதைத் தின்றுவிட்டு, “நல்லாத்தான் கீது,” என்று எழுந்து போனான். திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். மனசை வேறு இடத்தில் வைத்தவனுக்கு எந்தச் சோறானால் என்ன?

இப்போது அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. அந்தப் பெண்ணின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டால், அப்புறம் தன் முகத்தைக் கண்ணாடியில் எப்படிப் பார்ப்பது என்பதுதான் கவலையாக இருந்தது.

தட்டுகள் வந்தன. யாரோ கதவைத் திறக்க, சுட்ட கறியின் நெடி வாசல்வரை வந்து அடித்தது. செங்கம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

நாகமுத்து கறித் தட்டின் புகைக்குள் முகத்தைக் கவிழ்த்து, கண்ணை மூடிக்கொண்டு அப்படியே இருந்தான். பிறகு அதைத் தள்ளிவிட்டு இறால் தட்டை இழுத்து, அதன் மேலும் கவிழ்ந்தான். ஒரு வாய்கூட எடுத்து வைக்கவில்லை.

அவள் வரும்வரை தொடமாட்டானாம்!

செங்கம்மாள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். “அம்மா, அம்மா!” என்று சர்வர் பின்னால் ஓடி வந்தான். அவள் அந்தக் காலி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“எங்கய்யா அவ?”

நாகமுத்து திடுக்கிட்டான். “நீ எப்பிடிமே இங்க?”

“ரயில்லதான். எங்க அவ, கேக்குறேன்ல?”

“யாரு?”

“அந்த நர்சு கிரேஸு. அவளுக்குத்தானே ரெண்டாவது தட்டு? வரட்டும். நானும் அந்த மூஞ்சியப் பாத்துட்டுப் போறேன். ஆறு நாள் கஞ்சி ஊத்துனவளுக்குக் கறி சோறு. பத்து வருசமா ஆக்கிக் கொட்டினவளுக்கு இன்னா?”

பக்கத்து மேஜையில் கரண்டிச் சத்தம் நின்றது.

“யாரும் வரலமே.” அவன் குரல் உள்ளுக்குப் போயிருந்தது. “ரெண்டும் எனக்குத்தான்.”

“ரெண்டையும் தொடாம குந்திக்கினு கீறியே, யாரு காதுல பூ சுத்துற?”

அவன் கண் கலங்கியிருந்தது. புகையாக இருக்கும் என்று நினைத்தாள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அவள் பக்கம் குனிந்தான்.

“கம்பெனில யாருக்கும் தெரியக் கூடாது. தெரிஞ்சா நாளைக்கே வெளிய தள்ளிடுவான்.”

“எத?”

புகை அடங்காத தட்டை மெல்ல அவள் பக்கம் நகர்த்தினான்.

“எனக்கு ஒரு வாசனையும் வரல, செங்கம்மா.”