மஞ்சள் அடைப்பு

சேற்றில் புதைந்த ஜீப்புக்கு அடியில் மெக்கானிக் மல்லாந்து கிடக்கிறான். இரண்டு பின்சக்கரங்களையும் சேர்த்தே சுழற்றும் லாக்கரைப் போன வாரம் அவன்தான் வாடிக்கைக்கார அக்காவின் இந்த வண்டியில் மாட்டினான். சற்றுமுன் ஒரு சக்கரம் மட்டும் சுழன்று சேற்றை வாரி இறைக்க, லாக்கர் பிடிக்கவில்லை என்றாள் அக்கா. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று சுற்றி நின்ற எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டான். இப்போது லாக்கரைப் பிடிக்கவைக்கும் காற்று வரும் குழாயைக் கழற்றுகிறான். தூசி நுழையாதிருக்கக் கம்பெனியில் செருகிய மஞ்சள் அடைப்பு அதன் வாயிலேயே இருக்கிறது. மாட்டும்போதே அவன் பிடுங்கியிருக்க வேண்டியது. பிடுங்குகிறான். சேற்றுநீர் கன்னத்தில் சொட்டுகிறது. "நான்தான் சுவிட்சைச் சரியா அழுத்தலையோ என்னவோ, தம்பி" என்று குனிந்து, அவனை இழுத்துவிடக் கை நீட்டுகிறாள் அக்கா. அடைப்பை வலது கைக்குள் பொத்திக்கொண்டு, இடது கையைக் கொடுக்கிறான்.