நடுமுள்

மக்தலேனா மீன் வெட்டும்போது ஒருவரோடும் பேசமாட்டாள். வயிற்றைக் கீறியதும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, கட்டைவிரலால் நடுமுள்ளைத் தலையிலிருந்து வால்வரை ஒருமுறை தடவிப் பார்ப்பாள். டைனமைற் வெடியில் செத்த மீன் வெளியே பளபளவென்றுதான் இருக்கும்; உள்ளே நடுமுள் துண்டுதுண்டாகச் சிதறியிருக்கும். அத்தகைய மீன் அவளுடைய சட்டியில் ஒருநாளும் ஏறியதில்லை.

அதற்குக் காரணம் அவளுடைய அண்ணன் அல்பேட். யுத்தம் முடிந்த மறுவருடம் கண்டக்குழிக் கடலில் கடலட்டை எடுக்க மூழ்கிக் குளித்துக்கொண்டிருந்தவன், எவனோ எறிந்த வெடியில் காதிலும் மூக்கிலும் இரத்தம் வடியப் பிணமாக மிதந்தான். எறிந்தவன் எவன் என்பது இன்றுவரை தெரியாது.

அல்பேட் செத்துச் சில வருடங்கள் கழிந்திருந்தன; அன்று மகள் அஜித்தாவுக்கு மூன்றாவது பிறந்தநாள். மகளுக்கு ரோசாநிறச் சட்டை போட்டுவிட்டு, கல்பிட்டியில் வாங்கிய கேக்கை எறும்புக்குப் பயந்து அலுமாரிக்குள் வைத்துக்கொண்டிருந்தாள் மக்தலேனா. அப்போது கடற்பக்கமிருந்து 'தொம்' என்ற ஓசை வந்தது, யன்னல் அதிர்ந்தது.

ஊர் முழுவதும் கரைக்கு ஓடிற்று. அவளும் மகளைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

முதலில் கரை தட்டியது சாள்ஸின் வள்ளம். அவன் அஜித்தாவின் ஞானத்தகப்பன். அதன் பின்னாலேயே மக்தலேனாவின் கணவன் அன்ரனின் வள்ளமும் வந்துகொண்டிருந்தது.

"நீயாடா வெடி அடிச்சது?" என்று ஒருவன் சாள்ஸின் கழுத்தைப் பிடித்தான்.

"அந்தோனியார் சத்தியமா நானில்ல! என்ட கூடையைப் பாருங்க!"

"ஓம், மீனை வெட்டிப் பாருங்க. முள்ளுச் சொல்லும்," என்றாள் மக்தலேனா.

ஒருவன் கத்தியோடு கூடையருகே குனிந்தான். அதற்குள் தன் வள்ளத்திலிருந்து குதித்து ஓடிவந்தான் அன்ரன். "என்ட மச்சான்ட உயிரைக் குடிச்சவனோட என்ன கதை?" என்று கத்தியபடி அவன் உதைத்த உதையில் கூடை கவிழ்ந்தது. மீன் முழுவதையும் அலை அள்ளிக்கொண்டு போயிற்று. அடுத்த கணம் அவன் துடுப்பை ஓங்கினான்.

முதல் அடி சாள்ஸின் வாயில் விழுந்தது. இரண்டு பற்கள் மணலில் தெறித்தன. பிறகு யார் அடித்தார்கள், யார் மிதித்தார்கள் என்று கணக்கில்லை. தலையைக் காக்கச் சாள்ஸ் கையைத் தூக்கியபோது, அன்ரன் அந்தக் கையையே குறிபார்த்து அடித்தான். காய்ந்த விறகு முறிவதுபோல எலும்பு முறிந்த ஓசை எல்லோருக்கும் கேட்டது.

"ஞானப்பாவுக்கு அடிக்காதீங்க!" என்று அஜித்தா வீறிட்டாள். மக்தலேனா மகளின் முகத்தைத் தன் தோளில் புதைத்துக்கொண்டாள். தன் கண்களை மட்டும் அவள் மூடவில்லை. அண்ணன் மிதந்து வந்த கரை அது. 'அடியுங்க' என்றே அவளுடைய நெஞ்சும் சொல்லிற்று.

நினைவிழந்த சாள்ஸை ஒரு வான் வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அவனுடைய வள்ளத்தை உடைப்பதா, கொளுத்துவதா என்று சனம் கரையிலேயே நின்று வாதாடிற்று.

வீட்டுக்கு வந்த அன்ரன் கிணற்றடியில் நின்று கைகளின் இரத்தத்தைத் தேய்த்துக் கழுவினான். அஜித்தா அவனுக்கு இடப்பக்கம் நின்று, "அப்பா, கேக் வெட்டுவமா?" என்று கேட்டாள். அவன் திரும்பவில்லை. மூன்றாம் முறை சாரத்தைப் பிடித்து இழுத்த பிறகே குனிந்து பார்த்தான்.

"காதுக்குள்ள தண்ணி போயிட்டுது மகள். காலையில இருந்து கொய்யெண்டு இரையுது," என்று சிரித்தான்.

பின்பு வள்ளத்திலிருந்து கொண்டுவந்த ஈரச்சாக்கிலிருந்து இரண்டு பெரிய பாரைமீன்களை எடுத்து மக்தலேனாவின் முன்னே வைத்தான். "எங்கட ராசாத்திக்கு. நல்லா உறைப்பாக் காய்ச்சு. தொட்டுச் சாப்பிடப் பாண் இருக்குத்தானே?"

"எங்க பட்ட மீன்?" என்று கேட்டாள் மக்தலேனா.

"என்னடி, பொலிஸ்காரன் மாதிரி விசாரிக்கிறாய்? கடல்லதான் பட்டது. தென்னை மரத்திலயா பிடுங்கினன்?"

அஜித்தா தன் கடதாசிக் கிரீடத்தைத் தகப்பனின் தலையில் வைத்தாள். அவன் முழங்காலிட்டுக் குதிரையாகி, மகளை முதுகில் சுமந்தபடி கனைத்துக்கொண்டு முற்றத்தைச் சுற்றினான். சற்றுமுன் அழுத பிள்ளை விக்கல் எடுக்குமளவுக்குச் சிரித்தது. அதைப் பார்த்து மக்தலேனாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

சிரித்தவாறே முதல் மீனின் வயிற்றைக் கீறினாள். வழக்கம்போலக் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கட்டைவிரலை உள்ளே விட்டாள்.

விரல் பாதி வழியில் நின்றது. மறுபடியும் தலையிலிருந்து தொடங்கினாள். மறுபடியும் அதே இடத்தில் நின்றது.

முற்றத்தில் குதிரை கனைத்துக்கொண்டிருந்தது. மக்தலேனா கையைக் கழுவவில்லை. மற்ற மீனை அப்படியே எடுத்துச் சாக்கில் சுற்றினாள்; கத்தியையும் எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"எங்க போறாய்? பிள்ளைக்குப் பசிக்குதெல்லே!" என்றான் அன்ரன், முதுகில் மகளோடு.

அவள் அவனுக்குக் காது கேட்கும் பக்கமாக வந்து நின்றாள்.

"கரைக்கு. இந்த மீனை எல்லாருக்கும் முன்னால வெட்டப் போறன்."