தாம்பூலம் வாங்கிய குரல்

தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்த பிறகு அம்சவேணிக்குப் பேச்சே வெறும் காற்றாகத்தான் வந்தது. பாட்டு போயே போய்விட்டது. பொழுதுபோகட்டும் என்று டேப்லெட்டில் ஒரு செயலியை இறக்கினாள். திரையில் விரலை மேலும் கீழும் இழுத்தால் அதில் ஒரு பெண்குரல் ஸ்வரம் பாடியது. தன் விரலுக்குப் பாடத் தெரியும் என்பதே அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. நாளாக ஆக, உச்சத்துக்கு ஏறும்போது அந்தக் குரல் லேசாகக் கம்மத் தொடங்கியது. முன்பு பாடும்போது அம்சவேணிக்கும் அங்கேதான் கம்மும். அதை அவள் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை.

நவராத்திரிக்கு எதிர்வீட்டுத் திலகா கூப்பிட்டாள். கொலுவின் முன்னால், டேப்லெட்டை மடியில் வைத்து அம்சவேணி விரலால் பாடினாள்.

“அடியே, உன் குரல் அப்படியே திரும்பி வந்துடுச்சேடி!” என்று கண்ணைத் துடைத்துக்கொண்ட திலகா, தாம்பூலத்தை அவள் கையில் தராமல் டேப்லெட்டின் முன்னால் நீட்டினாள். அதன் ஓரத்தில் குங்குமமும் இட்டாள். “பாடினது இவதானே! இன்னொண்ணு பாடும்மா.”

பெண்கள் சிரித்தார்கள். அம்சவேணி வேண்டாம் என்று தலையசைத்து, டேப்லெட்டை அணைத்தாள்.

“சரிக்கா, பாடுறேன்” என்றது இருண்ட திரை.

எல்லோரும் அம்சவேணியின் மடியை நோக்கி நெருங்கி உட்கார்ந்தார்கள்.