நான்கு விரல்கள்

“உங்க பொண்ணு சோம்பேறி, நர்ஸம்மா. அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?”

இவ்வாறு கூறிவிட்டு மூக்குக் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார் ரகியா. நைஜீரியாவின் கடுனா நகரத்துச் சிறுவர் நூலகத்தின் பொறுப்பாளர் அவர். ஊரார் மரியாதையாக ‘மாலமா’ என்று அழைப்பர். ஒரு நாற்காலி கோணலாகக் கிடந்தாலும் எழுந்து சென்று நேராக்கிவிட்டுத்தான் உட்காருவார். எந்தப் பிள்ளைக்கும் எந்தப் புத்தகத்தையும் அளந்து பாராமல் கொடுக்கமாட்டார்.

தலாத்து மருத்துவமனைச் சீருடையைக்கூட மாற்றாமல் வந்திருந்தாள். அதன் ஓரத்தைப் பற்றியபடி, எட்டு வயது மகள் ஜும்மாய் தலை குனிந்து நின்றாள்.

“சோம்பேறியா? ரோட்டுல ஒரு போர்டை விடமாட்டா, எழுத்துக்கூட்டிப் படிச்சுக்கிட்டே வருவா. இப்போ புத்தகத்தைப் பார்த்தாலே வயித்துவலின்னு படுத்துக்கறா. நேத்து நீங்க குடுத்ததை அரிசி மூட்டைக்குள்ள ஒளிச்சு வெச்சிருந்தா, மாலமா!”

“ஒளிச்சு வெச்சா அதுக்குப் பேர் என்னவாம்? மூணு புத்தகம் படிக்காமலே திரும்பி வந்தாச்சு. கதையில யார் வர்றாங்கன்னு கேட்டா முழிக்கிறா. இனி அவளுக்கு உறுப்பினர் அட்டை கிடையாது. வேற பிள்ளைக்குக் குடுக்கப் போறேன்.”

ஜும்மாயின் கை சட்டைப்பையிலிருந்த அட்டையை இறுகப் பற்றிக்கொண்டது.

“காய்ச்சக்காரிக்கு யானை மருந்தைக் குடுத்துட்டு, அவ முழுங்கலைன்னு திட்டுறீங்களே! அவளுக்கு ஏத்த புத்தகமா குடுத்தா ஏன் படிக்கமாட்டா?”

“அளக்காம அள்ளிக் குடுக்க நான் என்ன சந்தையில தக்காளியா விக்கிறேன்?”

“தக்காளிக்காரி அழுகல் இருந்தா மாத்தியாவது தருவா!”

ரகியாவின் முகம் சிவந்தது. அவருடைய அளவுமுறையை இதுவரை யாரும் குறை கூறியதில்லை. பிள்ளை ஒரு பக்கத்தை மனத்துக்குள் படிக்க வேண்டும். தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை உயர்த்த வேண்டும். ஐந்து விரலும் உயர்ந்துவிட்டால் அப்புத்தகம் அப்பிள்ளைக்குக் கடினம், அலமாரிக்கே திரும்பிவிடும். நான்கோடு நின்றால் வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம். பயிற்சி வகுப்பில் கற்றுவந்த முறை இது. கையைத் தம் முகத்துக்கு நேரே நீட்ட வேண்டும் என்பதை மட்டும், பார்வை சற்று மங்கிய ரகியா தாமாகச் சேர்த்துக்கொண்டார்.

“உங்க பொண்ணு மூணு புத்தகத்துக்கும் நாலு விரல்தான் காட்டினா. இவ மட்டும் இல்லை. இந்த வருஷம் முழுக்க ஒரு பிள்ளைகூட அஞ்சு காட்டலை, தெரியுமா? நம்ம ஊர்ப் பிள்ளைங்க அவ்வளவு கெட்டிக்காரங்க!”

அப்போது சன்னலுக்கு வெளியே பெருங்கூச்சல் எழுந்தது. இரண்டு ஆட்டோக்கள் உரசிக்கொண்டு நின்றன. ஓட்டுநர்களில் ஒருவன் ஐந்து விரலையும் விரித்து மற்றவன் முகத்துக்கு நேரே நீட்டினான்.

“கையை விரிச்சு எங்கம்மாவையாடா திட்டறே?” என்று மற்றவன் கீழே குதித்து அவன் சட்டையைப் பிடித்தான்.

“சீ! பிள்ளைங்க இருக்கற இடத்துல!” என்று ரகியா சன்னலை அறைந்து சாத்தினார். “அட்டையைக் குடும்மா, ஜும்மாய்.”

ஜும்மாய் அழத் தொடங்கினாள். தலாத்துவுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. கைப்பையைத் துழாவி, மருந்துப் பெட்டிகளோடு வரும் விவரத்தாள் ஒன்றை எடுத்து மேசைமேல் விரித்தாள்.

“இதைப் படிங்க. உங்க சட்டப்படியே, என் முகத்துக்கு நேரா கையை நீட்டி விரலைத் தூக்குங்க. நாலுக்கு மேல தூக்க உங்களுக்கும் வெட்கமாத்தான் இருக்கும். அதே வெட்கம்தான் என் பொண்ணுக்கும்!”

“வெட்கமா? எனக்கா? தெரியாததைத் தெரியாதுன்னு சொல்ல நான் எந்தக் காலத்துல கூசினேன்? இதோ பாருங்க!”

ரகியா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். வலக்கையை நீட்டினார். முதல் வரியிலேயே சுட்டுவிரல் எழுந்தது. அடுத்த வரியில் நடுவிரலும் மோதிரவிரலும் எழுந்தன. மூன்றாம் வரியில் சுண்டுவிரல். மருந்தின் பக்க விளைவுகளைச் சொல்லும் இடத்தில், வாயில் நுழையாத நீண்ட சொல்லொன்று குறுக்கிட்டது.

“இதுவும் தெரியலை! போதுமா, நர்ஸம்மா?” என்று கட்டைவிரலை விரிக்கப் போனார்.

“வேணாம், மாலமா!”

ஜும்மாய் பாய்ந்து வந்து, இரு கைகளாலும் அந்தக் கட்டைவிரலை மடக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“எங்கம்மாவைத் திட்டாதீங்க, மாலமா! நான் உங்களைத் திட்டவே இல்லையே!”

ரகியா தம் கையைப் பார்த்தார். பிறகு சாத்திய சன்னலைப் பார்த்தார். தலாத்துவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரகியா கையை மெல்லத் தாழ்த்தினார்.

“அட்டையைப் பத்திரமா வெச்சுக்கோ, கண்ணு. நாளையிலேர்ந்து விரல் வேண்டாம்; வேர்க்கடலையை வெச்சு எண்ணிக்கலாம்.”