யானையின் பின்னங்கால்

ஜன்னல் வெயில் விழுந்து பளபளக்கும் வெற்றுத் தரையில் பம்பரம் நடந்துகொண்டே இருக்கிறாள். அனிமேஷன் கூடத்தில் அவள் தனக்குத் தானே வைத்துக்கொண்ட பெயர் அது. உட்கார்ந்தால் தனக்கு யோசனை நின்றுபோகும் என்று சேர்ந்த அன்றே சொல்லிவிட்டாள். மறுவாரமே குழுத்தலைவி நடுவிலிருந்த மேசைகளைச் சுவரோரம் தள்ளிப் போட்டுவிட்டாள். திரையில், பத்து நாளாக எல்லோரையும் படுத்தி எடுக்கும் யானை, சாவி கொடுத்த பொம்மை போல நடக்கிறது. மூன்று மணிக்கு இயக்குநர் வருகிறார். மூத்த ஓவியர் கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் தேய்த்துக்கொள்கிறார். "பேசாம இந்தக் காட்சியையே தூக்கிடலாம்மா." பம்பரம் சட்டென்று நிற்கிறாள். அவள் விரல்கள் படபடவென்று அடித்துக்கொள்கின்றன. "பின்னங்கால்! முன்னங்கால் எடுத்த எடத்துலயே பின்னங்கால் விழணும். நம்ம யானை தள்ளித் தள்ளி வைக்குது!" சொல்லி முடிக்கும் முன்பே குனிந்து, கைகளைத் தரையில் ஊன்றி நடந்து காட்டுகிறாள். மூத்தவர் ஒரு கணம் பார்க்கிறார். பிறகு அவரும் முழங்கால் மடக்கி அவள் பின்னாலேயே தவழ்கிறார். "ஒண்ணு... ரெண்டு..." என்று குழுத்தலைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு எண்ண, இளைய ஓவியன் பேனா பறக்கப் பறக்கக் கால்களைத் திருத்துகிறான். பொத்தானை அழுத்துகிறான். யானை நடக்கிறது, கனமாக, சாவகாசமாக, யாரையும் சட்டை செய்யாமல். கூடமே கத்துகிறது. "நடக்குதுடா!" மூத்தவரின் குரல் தரையிலிருந்து வருகிறது. பம்பரம் அதற்குள் எழுந்துவிட்டாள். "அடுத்த காட்சியில வர்ற குட்டி யானைக்கு வேற மாதிரி, அது ஓடுதுல்ல" என்றபடி மறுபடி நடக்கத் தொடங்குகிறாள். "இரும்மா, நானும் வர்றேன்" என்று மூத்தவர் எழுந்து அவளோடு நடக்கிறார்.