தழும்பு இல்லாத முகம்

"என் வீட்டுக்காரர் நெத்தித் தழும்பு எங்கே?"

கையில் பூட்டோடு வந்து நின்ற அக்காவைப் பார்த்ததும், ஏணி மேலிருந்த பெண்ணின் தூரிகை அந்தரத்தில் நின்றது.

தெருவில் அவளுக்கு சி.ஐ.டி. அக்கா என்று பேர். பால் பாக்கெட் கொஞ்சம் இளைத்திருந்தாலே விசாரணைக் கமிஷன் வைப்பவள். அக்கரைப் பிள்ளைகள் தன் ஷெட் வரை வந்துவிட்டதைச் சும்மா விடுவாளா?

ஆற்றின் இரண்டு கரை ஊர்களுக்கும் பேச்சுவார்த்தை நின்று வருஷக்கணக்காகிறது. பாலத்தில் நடந்த கைகலப்பில், அக்கரையிலிருந்து பறந்து வந்த கல் அக்காவின் வீட்டுக்காரரான மெக்கானிக்கின் நெற்றியைப் பிளந்துவிட்டது என்று ஊரே கொதித்த நாளிலிருந்து அப்படி. இப்போதுதான் இரு ஊர் இளவட்டங்களும் சேர்ந்து இலவச ஆம்புலன்ஸ் ஓட்டக் கிளம்பியிருந்தார்கள். வண்டி நிறுத்த, கேட்ட மாத்திரத்தில் மெக்கானிக் தன் ஷெட்டைக் கொடுத்துவிட்டார்.

ஷெட்டின் சுவரில் இரு ஊர் முகங்களும் வர வேண்டும். இக்கரை முகங்களை அக்கரைப் பிள்ளைகள் வரைவார்கள், அக்கரை முகங்களை இக்கரைப் பிள்ளைகள். அதுதான் ஏற்பாடு.

முதல் முகம் மெக்கானிக்.

"வாரம் பூரா அவர் மூஞ்சியையே உத்துப் பாத்தியே. மூக்கு மேல இருக்கற மருவைக்கூட விடல. இத்தாம் பெரிய தழும்பு மட்டும் கண்ணுல படலையா?"

"பட்டுதுக்கா. வேணும்னுதான் விட்டேன்."

"கேட்டீங்களாடா? எறிஞ்சதும் இவங்க, இப்ப பெயிண்ட் அடிச்சு மறைக்கறதும் இவங்க!"

கீழே வண்ணம் கலக்கிக்கொண்டிருந்த இக்கரைப் பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அக்கா சொல்றது நியாயம்தானேடா?" ஒருவன் டப்பாவைத் தரையில் வைத்தான்.

காருக்கு அடியில் வேலையாக இருந்த மெக்கானிக் தலையை மட்டும் நீட்டினார். "விடும்மா. தழும்பில்லாம நான் லட்சணமாத்தானே இருக்கேன்?"

"நீங்க பேசாதீங்க. ஷெட்டைத் தூக்கிக் கொடுத்தப்பவே எனக்குச் சந்தேகம். என்ன சொல்லி மயக்கினாங்களோ!" அக்கா அந்தப் பெண்ணிடம் திரும்பினாள். "தழும்பை வரை. இல்லேன்னா இப்பவே ஷெட்டைப் பூட்டறேன். ஆம்புலன்ஸை ஆத்துல கொண்டுபோய் நிறுத்திக்குங்க."

மெக்கானிக்கின் தலை மறுபடி காருக்கு அடியில் போய்விட்டது.

பெண் இறங்கி வந்தாள். அக்காவைச் சுவரோரம் தள்ளி அழைத்துப் போய்க் குரலைத் தாழ்த்தினாள்.

"அன்னிக்கு இவருக்குத் தையல் போட்ட நர்ஸ் எங்கம்மாதான்க்கா."

"அப்போ கல்லை எறிஞ்சது யாருன்னும் தெரியுமே உங்கம்மாவுக்கு!"

"யாரும் எறியலக்கா. சண்டையைப் பாத்து பயந்து ஓடினவரு, பாதி இறக்கி வச்சிருந்த தன் கடை ஷட்டர்லயே போய் முட்டிக்கிட்டாரு. அவரே அழுதுகிட்டே சொன்னாராம். வெளிய தெரிஞ்சா மானம் போயிடும்னு கையெடுத்துக் கும்பிட்டாராம். அம்மா இத்தனை வருஷமா அப்பாகிட்டகூட வாயைத் திறக்கல. நான் தழும்பை வரையப் போறேன்னதும்தான் சொன்னாங்க."

அக்கா காரைப் பார்த்தாள். அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கால்கள் இரண்டும் அசையவே இல்லை.

"அதைச் சுவத்துலயும் வரைஞ்சுட்டா, பாவம், அந்த மனுஷன் போறவங்க வர்றவங்க எல்லார்கிட்டயும் காலம் பூரா அதே பொய்யைச் சொல்லணும், வேண்டாம்னுட்டாங்க."



"என்னக்கா, பூட்டிடலாமா?" பையன்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

"பூட்டறதாவது! ஏணியைக் கெட்டியாப் பிடிங்கடா, தங்கச்சி மேல ஏறட்டும். தழும்பு எப்படி வந்துதுன்னு உங்க மாமாவே இப்ப வெளிய வந்து சொல்லுவாரு!"